தர்ஷினியின் கைராசி

புளியங்கொட்டை டின்னை நேற்றுதான் திறந்தேன்.

உன் வகுப்பு பீரோவின் கீழ்த்தட்டில், நீ வைத்த இடத்திலேயே இருந்தது. சாவி இத்தனை மாதமாக என் கைப்பையில்தான் கிடந்தது. திறக்காமலே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். எண்ணச் சொல்லித்தர சாக்பீஸ் துண்டு, சோடா மூடி, ஜன்னல் கம்பி. நேற்று எதுவும் போதவில்லை. மூடியை நெம்பியதும் அந்த வாசனை. புளியின் மிச்சப் புளிப்பு, சாக்பீஸ் தூள், எல்லாவற்றுக்கும் அடியில் பிள்ளைகளின் எச்சில்.

எண்ணச் சொன்னால் பாதிப் பேர் வாயில் போட்டுவிடுவார்கள். நீ ஒவ்வொரு வாய்க்கு நேராகவும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு போவாய். "துப்பு. நீ துப்பு. நீயுந்தான், கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கிறது தெரியாதா எனக்கு?" துப்பியதைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி டின்னில் போடுவாய். பக்கத்து வகுப்பிலிருந்து வந்து கதவோரம் நிற்கும் நான் முகத்தைச் சுளிப்பேன். "ஏய் நாலாங்கிளாஸ் மகாராணி, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு," என்பாய்.

"இது எங்க டீச்சர் டப்பா," என்றான் கிஷோர் நேற்று. முன்பல் இரண்டும் இல்லாத கிஷோர். ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டேன். கொட்டைகள் சிமென்ட் தரையில் உருளும் சத்தம் வகுப்பு முழுக்கப் பரவியது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதை விடிகாலையில் எழுதுகிறேன். பள்ளிக்குக் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. செத்தவர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புவதில்லை. ஆகவே நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்ல வேண்டியது டின்னைப் பற்றி அல்ல. தர்ஷினியைப் பற்றி. உன் ஒன்றாம் வகுப்பு தர்ஷினி. நீ செத்தது தன்னால்தான் என்று ஆறு வயதில் முடிவுகட்டிவிட்ட தர்ஷினி.

*

உப்பளத்தை ஒட்டிய பள்ளி. மூன்று ஆசிரியர்கள். எச்.எம். அம்மாவுக்கு மூன்றாம் வகுப்பும் ஆபீஸ் வேலையும். எனக்கு நான்கும் ஐந்தும். உனக்கு ஒன்றும் இரண்டும். நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. பயிற்சிப் பள்ளியில் நம்மோடு படித்தவர்கள் எல்லாம் பெரிய வகுப்புக்கு அடித்துக்கொண்டபோது, நீ மட்டும் மூக்கு ஒழுகும் கூட்டத்தைக் கேட்டாய்.

"பெரிய கிளாஸ் பசங்க நம்மள மதிக்கும்டி. சின்னதுங்க நம்பும். மதிப்ப எப்படியாச்சும் தாங்கிக்கலாம்," என்றாய் ஒருமுறை. மீதியைச் சொல்லவில்லை.

காலையில் பொம்மையார்பாளையம் நிறுத்தத்தில் நிற்பாய். குயிலாப்பாளையத்திலிருந்து உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். நான் ஸ்கூட்டரை ஓரம்கட்டி முடிப்பதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்து, முதுகில் தட்டி, "ரைட், போலாம்," என்பாய். அதற்குப் பிறகு மரக்காணம் வரை உன் வாய் மூடாது. எல்லாம் முந்தின நாள் வகுப்புக் கதை. பாதியைக் காற்று கொண்டுபோகும். மிச்சத்துக்கே நான் சிரிக்க, ஹேண்டில் ஆடும்.

"நேத்து ஒருத்தன் வந்து, டீச்சர் வயிறு வலிக்குதுன்றான். எங்கடா வலிக்குதுன்னேன். வூட்டுலன்றான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, வூட்டுல வலிச்சத இங்க வந்து சொல்றான், பாவம். அங்க கேக்க ஆளு இல்ல. கொஞ்ச நேரம் வயித்த தடவிக் குடுத்தேன். போயிடுச்சு."

இன்னொரு நாள், "எனக்கு ஒரு பெருமை வந்திருக்குது தெரியுமா. ஒரு பொண்ணு வூட்டு ஆட்டுக்குட்டிக்கு என் பேரு. பக்ரீத்துக்கு வித்துடுவாங்களாம்."

சாலையோரம் உப்புப் பாத்திகள் தொடங்கும்போது வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும். நீ என் தோளில் நெற்றியைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே பேசிக்கொண்டு வருவாய்.

மழையைக் கூப்பிடும் பாட்டு ஒன்று பாடப்புத்தகத்தில் வந்தது. எல்லா ஊரிலும் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற பாட்டு. நம் பள்ளியில் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. மழை வந்தால் விளைந்தது கரையும், அம்மாவுக்கு வேலை இல்லை, வீட்டில் சண்டை. இது ஐந்து வயதிலேயே தெரிந்துவிடுகிற விஷயம். மேற்கேயிருந்து வரும் பயிர்க்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உரக்கப் பாடினார்கள். "டேய், மழைய கூப்புடாதடா!" என்று கிஷோர் எழுந்து போய் ஒருவன் வாயைப் பொத்த, அவன் கையைக் கடிக்க, வகுப்பு இரண்டாகப் பிரிந்து உருண்டது. சத்தம் கேட்டு நான் அதட்டிக்கொண்டே ஓடிவந்தேன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வானத்தைப் பார்த்துக் கத்தச் சொன்னாய்.

"ஏ மழை! ரோட்டுக்கு அந்தாண்ட பெய்யி! இந்தாண்ட வராத!"

அன்று முழுவதும் அதுதான் பாட்டு. சமாதானமாகிவிட்டார்கள். மழைக்கும் சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிள்ளைகளின் தப்பைப் பற்றி நீ வைத்திருந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு. "அதுங்க தப்பா பாக்கறதில்ல. பாக்கறதெல்லாம் சரிதான். எதை எதோட கூட்டணும்னுதான் தெரியறதில்ல." சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்திருப்பேன்.

*

உனக்கு ஏழாம் மாதம். வயிறு பெரிதானது ஏன் என்று கேட்டவர்களிடம், "உள்ள ஒருத்தர் ஒண்ணாங்கிளாஸுக்கு ரெடியாயிட்டு இருக்காரு," என்றிருந்தாய். "அட்மிஷன் போட்டாச்சா டீச்சர்?" என்று கிஷோர் கேட்டான். தெருவில் எங்கோ வளைகாப்பு பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், டீச்சருக்கும் போட வேண்டும் என்று ஆரம்பித்துவைத்தாள். விடவில்லை. "சரி, ஆளுக்கு ஒரு வளையல் கொண்டாங்க. சாயந்தரம் திருப்பித் தந்துடுவேன். வூட்டுல கேட்டுத்தான் எடுக்கணும்," என்றாய்.

மறுநாள் வந்தவை: பிளாஸ்டிக் வளையல், தலைக்குப் போடும் ரப்பர் வளையம், தம்பியின் கறுப்புக் காப்பு, அக்காளின் மெட்டல் வளையல். உன் விரல் நுனியைக்கூடத் தாண்டாதவற்றைப் பென்சிலில் கோத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாய். கிஷோர் குக்கர் கேஸ்கட்டைக் கொண்டுவந்தான். "எங்கம்மா தூங்கிட்டு இருந்துச்சு, கையிலேர்ந்து கழட்ட வரல." அதையும் தோள் வரை ஏற்றிக்கொண்டாய். பதினொரு மணிக்கு அவன் அம்மா கேட்டருகே வந்து நின்று, "டீச்சர், சோறாக்கணும்," என்று கூப்பிட்டார்.

தர்ஷினி கடைசியில் வந்தாள். கையில் பேப்பர் பொட்டலம். உள்ளே கண்ணாடி வளையல். பச்சை, மேலே பொன்வரி.

"யாருதுடி கண்ணு?"

"எங்கம்மாது."

எச்.எம். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். என் முகமும் மாறியிருக்க வேண்டும். தர்ஷினியின் அப்பா அதற்கு முந்தின கோடையில் உப்பளத்து மோட்டாரில் கரண்ட் அடித்துச் செத்தவர். கருமாதியன்று அவள் அம்மா அஞ்சலையக்காவின் வளையல்களை உடைத்ததை ஊரே பார்த்தது. உடைப்பதற்கு முன் ஒன்றே ஒன்றை அவர் கழற்றிப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்திருக்கிறார். மகளுக்கு மட்டும் தெரியும். அம்மா விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய்விடுவார், கேட்டு எடுக்க வழியில்லை. எடுத்து வந்துவிட்டாள். வீட்டில் இருப்பதிலேயே அழகானது அதுதான்.

"அத மட்டும் வாங்கி ஓரமா வச்சிரும்மா," என்றார் எச்.எம். அம்மா, தணிந்த குரலில். "வேணாம். நல்லதுக்குச் சொல்றேன்."

தர்ஷினி அண்ணாந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கையை அவள் முன்னால் நீட்டினாய். "நீயே போட்டு வுடு."

அவள் உன் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரல் முட்டியைத் தாண்டி ஏற்றினாள். சரியாகப் பொருந்தியது. "ஐ, எனக்கே செஞ்ச மாதிரி இருக்குது பாரு. எனக்கே குடுத்துடறியா?" என்றாய். அவள் அவ்வளவு வேகமாகத் தலையாட்டினாள். மற்ற வளையல்கள் எல்லாம் சாயந்தரம் திரும்பிப் போயின. இது போகவில்லை.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "உனக்குப் பயமா இல்லையாடி?"

"இருக்குது," என்றாய். "அவ மூஞ்சிய பாத்த இல்ல? அதுக்கு மேல எப்படிடி கழட்டுறது?"

*

ஐப்பசி மழை. பிரஷர். ரத்தம் நிற்கவில்லை. பையன் பிழைத்தான். இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நம் பள்ளித் தாய்மார்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். உப்பளத்தில் வேலை இல்லாத நாட்கள். அஞ்சலையக்கா கும்பலுக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே நின்றார். உனக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த பச்சை வளையலையும் உன் அம்மா மறக்காமல் திரும்பப் போட்டுவிட்டிருந்தார்கள். மகள் கழற்றாமல் போட்டிருந்த வளையல் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அஞ்சலையக்கா உன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பார்த்தது பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் அருகில் நின்ற ஒருத்தி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்தாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். ஆட்டோ திரும்பும்போது அஞ்சலையக்கா அதில் ஏறவில்லை என்று பிறகு சொன்னார்கள். மழையில் பஸ் ஸ்டாப் வரை நடந்தே போயிருக்கிறார்.

பள்ளியில் எச்.எம். அம்மா பிரேயரில் சொன்னார். ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். உன் வகுப்பு கண்ணை மூடவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உன் இடத்தில் என்னைப் போட்டார்கள். முதல் நாளே கிஷோர் மேஜைக்கு வந்தான். "டீச்சர் செத்துட்டாங்கன்னா, டி.சி. வாங்கிட்டாங்களா?"

"இல்லடா."

"அப்ப வருவாங்க," என்று பின்னால் திரும்பி எல்லோருக்கும் அறிவித்தான். டி.சி. வாங்காமல் யாரும் பள்ளியைவிட்டுப் போக முடியாது என்பது அவன் கண்ட உண்மை. திருத்த எனக்கு அன்று தெம்பு இல்லை.

தர்ஷினி அப்போதிருந்தே வரவில்லை. மழையில் பாதிப் பேர் வரவில்லை, அதனால் நான் கவனிக்கவில்லை. பொங்கல் முடிந்தது. பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். அப்போதும் வரவில்லை. பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால், "அது வராதாம் டீச்சர்," என்ற பதில் மட்டும் வந்தது. மாசியில் ஒரு சனிக்கிழமை நானே உப்பளத்துக்குப் போனேன்.

*

வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்குள் கண் கூசியது. அஞ்சலையக்கா பாத்திக்குள் நின்று, நீளக் கழியில் பூட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். காலப் பாத்து வைங்க, வழுக்கும்."

தர்ஷினி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வணக்கம்கூட வைக்கவில்லை.

"ஏன்க்கா ஸ்கூலுக்கு அனுப்பல?"

"அனுப்பி? அங்க இன்னொரு டீச்சரு நீங்க இருக்கீங்க இல்ல." பலகை நிற்கவில்லை. "அவ கைராசி அப்படி. இங்கயே இருக்கட்டும். உப்புதான? இதுக்கு என்னா ஆயிடப் போவுது."

"அக்கா, அவளுக்குப் பிரஷர் இருந்துச்சு. ஏழாம் மாசத்துலயே கால் வீங்கி செருப்பு நுழையல. டாக்டரே சொன்னாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எங்க வூட்டுக்காரரு கரண்ட்டுல செத்தாரு. ஒயரு அறுந்து தண்ணியில கெடந்துச்சு, எல்லாரும் பாத்தாங்க. அப்பவும் என்னைத்தான சொன்னாங்க, நான் வந்த நேரம்னு. ஒயர யாரு சொன்னா?"

அவர் உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்கினார்.

"தர்ஷினிகிட்ட யாருக்கா இப்படிச் சொன்னது?"

"நாந்தான்."

நான் அவரையே பார்த்தேன்.

"வேற எவளாச்சும் தெருவுல வச்சி சொல்லுவா டீச்சர். ஏற்கெனவே பேச ஆரம்பிச்சிட்டாளுங்க, தாலியறுத்தவ வளையல குடுத்து டீச்சர அனுப்பிட்டான்னு. அதுக்கு முந்தி நானே சொல்லிட்டேன். பெத்தவ வாயால கேட்டா கொஞ்சம் கம்மியா வலிக்கும்னு."

வரப்பில் உட்கார்ந்திருந்தவளின் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான்.

"திங்கக்கெழமை அனுப்புங்கக்கா."

"உங்களுக்கு எதனா ஆச்சின்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் அப்போதுதான் பலகையை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த டீச்சரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போச்சு. பாப்பாவத் தூக்கிட்டு வந்து காட்டுறேன்னு."

திரும்பும்போது சைலன்சர் சூட்டில் காலைச் சுட்டுக்கொண்டேன். நல்லவேளை, அவர்கள் பார்க்கவில்லை என்று முதலில் தோன்றியது. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று வழி முழுக்க யோசித்தேன்.

*

திங்கட்கிழமை வந்தாள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். எல்லோரும் எழுதி முடித்து சிலேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். நீ பழக்கிவைத்தபடி, வரிசையே கிடையாது, என் மடியில், தோளில், முகத்துக்கு நேரே சிலேட்டுகள். தர்ஷினி வரவில்லை. அவள் தன் சிலேட்டைத் தரையில் வைத்து, கால் கட்டைவிரலால் மெல்ல மெல்ல என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்ர்! தர்ஷினி சிலேட்ட காலால தள்றா!"

வகுப்பு அரண்டுபோனது. "ஏய், சாமி கண்ணக் குத்தும்டி! தொட்டுக் கும்புடு! தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ!" ஆளாளுக்குத் தங்கள் சிலேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினார்கள். அவள் மறுத்துத் தலையாட்டினாள். கைகள் பின்னால். முகத்தில் பயம் இருந்தது, ஆனால் சாமியைப் பற்றிய பயம் இல்லை. கையால் கொடுத்தால் நான் சாவேன், காலால் தள்ளினால் தனக்குத்தான் கண் போகும். இரண்டில் ஒன்றை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

நான் குனிந்து சிலேட்டை எடுத்தேன். 'ம' வரிசை. ஒரு தப்பு இல்லை.

அன்று நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். இப்படி யோசிப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. வழக்கமாக விடை வராது. பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிப்பார்த்தேன். வளையலால் யாரும் சாக மாட்டார்கள் என்றேன். "சரி டீச்சர்," என்றாள். மறுநாளும் காலால்தான் தள்ளினாள். மற்ற பிள்ளைகளுடன் கை கோத்து விளையாடவில்லை. தட்டில் சாப்பாடு வாங்கும்போது தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். சாப்பாடு போடும் அக்கா, "இன்னாடி மகாராணி, கையில வாங்க மாட்டியா?" என்று கரண்டியால் தட்டினார்.

பங்குனியில் கிஷோருக்குப் பிறந்தநாள். புதுச் சட்டையோடு கமர்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நண்பர்களுக்கு இரண்டு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே போனதில் என்னிடம் வந்தபோது பாக்கெட் காலி.

"அய்யய்யோ, டீச்சருக்கு இல்ல!"

அடுத்த நொடி எல்லோரும் எழுந்தார்கள். சட்டை நுனியைக் கமர்கட் மேல் போர்த்தி, பல்லால் கடித்து உடைத்து, பாதியை நீட்டினார்கள். காக்காக் கடி. துணிக்கு மேலே கடித்தால் எச்சில் ஆகாது என்பது ஒன்றாம் வகுப்பின் சட்டம். உனக்கு இது நாள்தோறும் கிடைத்த விருந்து. நான் ஒருநாளும் வாங்கியதில்லை. "டீச்சர் என்னுது! டீச்சர் என்னுது!"

தர்ஷினி சுவரோரம் நின்றிருந்தாள். அவள் பங்கு முழுசாக உள்ளங்கையில் இருந்தது.

"எனக்கு தர்ஷினிகிட்டருந்துதான் வேணும்," என்றேன்.

கிஷோருக்குக் கோபம். தர்ஷினி மறுத்துத் தலையாட்டினாள்.

"வேணாம் டீச்சர்."

"ஏன்?"

கிட்டே வரவில்லை. நான்தான் போனேன். உதடு மட்டும் அசைந்தது. "நீங்க செத்துடுவீங்க."

கேலி செய்யவோ கட்டிப்பிடிக்கவோ தோன்றவில்லை. இரண்டுமே பொய்யாக இருந்திருக்கும். அவள் அம்மா கேட்டதும் இதைத்தான். பெரியவளுக்குச் சொன்ன பதிலை இவளுக்குச் சொல்ல முடியவில்லை.

"தெரியல," என்றேன். "குடு, பாப்போம்."

வெகுநேரம் யோசித்தாள். பிறகு பாவாடை நுனியைக் கமர்கட் மேல் சுற்றிக் கடித்தாள். உடையவில்லை. பக்கப் பல்லால் கடித்தாள். உடைந்தது. சிறிய பாதியைக் கையில் தரவில்லை, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு விலகினாள். எடுத்து வாயில் போட்டேன். வெல்லம், தேங்காய், கொஞ்சம் உப்பு.

அன்று அவள் ஒன்றும் எழுதவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருமியபோது எழுந்து நின்றாள். பெல் அடித்ததும் எல்லோரும் ஓட, அவள் மட்டும் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன்."

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே அவள் மட்டும் நின்றிருந்தாள். பூட்டு இன்னும் திறக்கவில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றும் வரை காத்திருந்தாள். முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்ததும் உள்ளே போய்விட்டாள். அதற்கு அடுத்த நாளும் நின்றாள். பிறகு தினமும்.

போன வாரம் சிலேட்டைக் கையில் கொடுத்தாள். கொடுத்த கை உடனே பின்னால் போய்விட்டது. நேற்று நான் பரப்பிய புளியங்கொட்டையைக் கையால் எண்ணினாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அவள் சரியாகிவிட்டாள் என்று நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. ஒரு குழந்தையின் கணக்கைத் திருத்த என் உயிரை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். சாலையில் லாரி உரசுவதுபோல் கடக்கும்போது எனக்கு இப்போது சாவு பயம் வருவதில்லை. தர்ஷினி பயம் வருகிறது. நான் விழுந்தால் அவள் ஜென்மத்துக்கும் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டாள். இரண்டு வாரம் முன்பு குளிர்காய்ச்சல். ஸ்கூட்டர் ஓட்ட முடியாமல் பஸ்ஸில் போனேன். "ஏம்மா, ஒரு போன் பண்ணி லீவு சொல்லக் கூடாதா?" என்றார் எச்.எம். அம்மா. கேட்டருகே நின்ற தர்ஷினி என் நடையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். போர்வையைத் தோளிலிருந்து இறக்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

ஒருநாள் நானும் வராமல் போவேன். மாற்றல் வரும். எனக்கும் ஏதாவது வரும். அதற்குள் அவள் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று நகர்ந்து, வாசலில் நிற்பதையே மறந்துவிட வேண்டும். அது வரைக்கும் நான் தாங்க வேண்டும். உன்னால் முடியாமல் போனது இது ஒன்றுதான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உன் பையன் குப்புற விழுகிறானாம். உன் அம்மா போனில் சொன்னார்கள்.

வெளிச்சம் வந்துவிட்டது. பால்காரரின் மணி கேட்கிறது. தர்ஷினி இந்நேரம் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பாள். நானும் கிளம்ப வேண்டும். போய் அவளுக்கு முகத்தைக் காட்ட வேண்டும்.